ஒயர்மேன் வாயிலிருந்த கம்மல்

சொரங்கக் குழியில நெலக்கரி மொதமொதல்ல கண்ணுல பட்டுச்சே, அன்னிக்கு கீழ எறங்குனவன் எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு பொறுக்கி வேட்டியில முடிஞ்சிகினு மேல வந்தான். எங்க லைன் வூட்டுல ஒருத்தன் அத்தக் கொண்டாந்து சாமி படத்தாண்ட வெச்சான். நம்மூரு கரி வெயிலு பட்டா காஞ்சி உதிந்து பூடும். அது பொடிப்பொடியா உதிந்து கெடக்க, அவன் பொண்டாட்டி குப்பைன்னு கூட்டி வாரிக் கொட்டிட்டா. அதுக்கு ரெண்டு பேருக்கும் சண்ட, தெருவே வேடிக்க பாத்துச்சி. அந்தச் சண்டைக்கு மறு வருசம், பொங்கலு கழிஞ்சி, முந்திரி பூத்துகினு இருந்துச்சி. அப்பதான் அண்ணனுக்குப் பல்லு ஒடஞ்சிது.

அண்ணன்னா கூடப் பொறந்தவரு இல்ல தம்பி. மந்தாரக்குப்பத்துல அவரு வூடும் எங்க வூடும் அடுத்தடுத்த கதவு. புதுசா குவாட்ரஸ் கட்டிகினு இருந்தாங்க இல்ல, அதுக்கெல்லாம் ஒயரு இழுக்குற ஒயர்மேன் அவரு. நான் அவருக்கு ஏணி புடிக்கிற ஆளு. ரெண்டு பேருமே காண்ட்ராக்ட்டு. பேரு வேணாம். பேரன் பேத்தியெல்லாம் இங்கியேதான் சுத்திகினு இருக்குதுங்க. ஒயர்மேன்னே வெச்சிக்க.

அவருகிட்ட சாமான் பையின்னு ஒன்னு கெடயாது. வாயிதான் பை. ஸ்குரூ எல்லாம் எடது கொடுப்புல, கிளிப்பு நாக்குக்கு அடியில, ஆணி ஒதட்டுல. அத்தனையும் வெச்சிகினே பேசுவாரு. புது ஆளுக்கு ஒன்னும் புரியாது. எனக்குப் புரியும். "ம்ம்"ன்னா சுத்தியக் குடு, "ம்ஹூம்"ன்னா ஏணிய நவுத்து. ஒயரு தோலு உரிக்கச் சொல்லி காண்ட்ராக்டரு ஒருவாட்டி கத்தி குடுத்தாரு. இவரு அத்த வாங்கி கால் நகத்த வெட்டிகினு திருப்பிக் குடுத்துட்டாரு. பல்லுல வெச்சி ஒரு இழு இழுத்தாருன்னா தோலு தனியா கம்பி தனியா வந்துடும். பனங்கெழங்கு உரிக்கிறாப்ல.

வேலைக்குன்னு இல்ல, எதுன்னாலும் வாயில வெச்சிதான் பாப்பாரு. சிமெண்ட்ட நாக்குல தொட்டு மணலு சாஸ்தின்னுவாரு. தண்ணிய ஒரு வாயி குடிச்சிட்டு இது எந்த போருத் தண்ணின்னுவாரு. கரித் துண்ட நக்கிட்டு, நாளைக்கு மழன்னுவாரு. பாதி நாளு தப்பாத்தான் போவும். ஆனா சொல்ற வேகம் இருக்குதே, மழ பெய்யலன்னா மழமேலதான் தப்புன்னு நெனச்சிக்குவோம். "கண்ணு ஏமாத்தும், கையி ஏமாத்தும், வாயி ஏமாத்தாது"ம்பாரு. எங்க வூட்டுல பொறந்த கொழந்தைக்கு ஒடம்பு சுடுதுன்னு தூக்கிகினு வந்து காமிச்சா, அது நெத்தியக்கூட நக்கித்தான் பாத்தாரு. என் பொண்டாட்டி அப்புறம் ஒரு மாசம் அவரு கண்ணுலயே கொழந்தையக் காட்டல.

பல்லு ஒடஞ்சது எப்படின்னா, மொத்த கேபிளு ஒன்ன கடிச்சாரு. மடக்குன்னு ஒரு சத்தம். நான் ஒயருதான் அறுந்துச்சின்னு நெனச்சேன். பாத்தா கோரப்பல்லுக்கு அடுத்தாப்புல இருந்த பல்லு பாதி கையில வந்துடுச்சி. கன்னம் பணியாரமாட்டம் வீங்கிப் போச்சி. குள்ளஞ்சாவடி சந்தையில ஒருத்தன் பாய் விரிச்சி, புடுங்குன பல்லையெல்லாம் பரப்பி வெச்சிகினு ஒக்காந்திருப்பான். அவனாண்ட கூட்டினு போனேன். அவன் குறட்ட எடுத்தான். அண்ணன் எழுந்துட்டாரு. "நீ புடுங்கிட்டா நாளைக்கு நான் எதால வேல செய்யறது"ன்னு கேட்டுட்டு வந்துட்டாரு.

அப்பறம் யாரோ சொன்னாங்க, பாண்டிச்சேரியில ஒரு பல்லு டாக்டரு இருக்காரு, பல்லப் புடுங்காம அது மேலயே தங்கத்துல ஒரு தொப்பி மாட்டிவுடறாருன்னு. தங்கம் நாமதான் கொண்டுபோவணும். தங்கத்துக்கு எங்க போறது. அண்ணி காதுல இருந்த கம்மலுதான் அந்த வூட்டுல இருந்த தங்கம். அவங்க அம்மா வூட்டுச் சீரு. நான் பாத்துகினேதான் இருந்தேன், யாரும் கேக்கல, அந்தம்மாவே ஒரு காதுலேருந்து திருவி எடுத்து அவரு உள்ளங்கையில வெச்சிச்சி. ஒரு பல்லுக்கு ஒன்னு போதும்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லிட்டாங்க. மத்தவளா இருந்தா மிச்சம் உள்ளத டப்பாவுல போட்டு வெப்பா. இந்தம்மா எடது காதுல கம்மல அப்படியே வுட்டுச்சி, வலது காதுல தொடப்பத்து ஈர்க்குச்சிய ஒடச்சி சொருவிக்கிச்சி. சோடி எங்கன்னு கேட்டா, "அவரு வாயில"ம்பாங்க. சொல்றப்ப அப்படி ஒரு பெரும.

பாண்டிச்சேரிக்கு நானும் கூடப் போனேன். நாங்க பல்லு கட்டப் போறோம்னு ஒருத்தனும் நம்பல. இங்க கள்ளு சாராயம் எல்லாம் தட இருந்த காலம். பாண்டிக்கு எவன் பஸ் ஏறுனாலும் எதுக்குன்னு தெருவுக்கே தெரியும். "பல்லு கட்டவா, பலமா கட்டிகினு வாங்க"ன்னு இட்லிக்கடை அம்மா சிரிச்சிச்சி. எங்க லைனு முனையில கடை வெச்சிருந்த அம்மா அது. அதுங்கிட்ட ஒரு சேதி போனா சட்னி ஆவறதுக்குள்ள ஊரு பூரா போயிடும்.

அந்த டாக்டரு வயசானவரு, வெள்ளக்காரன் இருந்த காலத்துலயே கத்துகினவராம். தையல் மிஷினு மாதிரி ஒன்னு. கால்ல மிதிச்சா மேல ஊசி சுத்துது. அண்ணன சாய்வு நாற்காலியில ஒக்கார வெச்சி, எகிறுல ஊசி போட்டு மரக்க வெச்சிட்டு, மிதி மிதின்னு மிதிச்சாரு. ஒடஞ்சது பாதி, நல்லா இருந்தது பாதி, எல்லாத்தையும் சேத்து தேய்க்கிறாரு. கொம்பு தீயிறாப்ல நாத்தம். நல்ல பல்ல எதுக்குங்க தேய்க்கறீங்கன்னு நான் கேட்டேன். தல பெருசா இருந்தா தொப்பி எப்படிப்பா எறங்கும்னாரு. நெசந்தான். கடசியில பல்லு இருந்த எடத்துல ஒரு மொளக்குச்சி நின்னுச்சி. அப்பறம் சுண்ணாம்பு மாவ கொழச்சி ஒரு தகரக் கிண்ணியில வெச்சி வாயில அமுக்குனாரு, அச்சு எடுக்க. அது எறுகுற வரிக்கும் அசையக் கூடாது. அண்ணன் கண்ணுல தண்ணி வழியுது. எடுத்த ஒடனே மரத்த நாக்க கஷ்டப்பட்டு பொரட்டி, "மாவு பழசு"ன்னாரு. டாக்டரு என்னப் பாத்தாரு. நான் தலையக் குனிஞ்சிகினேன்.

திரும்பி வரப்ப எல்லையில போலீசு பஸ்ஸ நிறுத்தி ஒவ்வொருத்தன் வாயா மோந்து பாக்குது. அண்ணனுக்கு ஒதடு தொங்குது, எச்சி ஒழுகுது, பேச்சு கொழறுது, வாயெல்லாம் கிராம்பு எண்ணெயும் ஸ்பிரிட்டும் நாறுது. குடிகாரன் கூட அவ்ளோ அம்சமா இருக்க மாட்டான். எறக்கிட்டாங்க. ஊதுன்னாங்க. மரத்த ஒதட்ட வெச்சிகினு எப்படி ஊதறது. காத்து வரல, எச்சிதான் தெறிக்குது, போலீசுகாரரு மீசமேல. பல்லுக்கு ஊசி போட்டிருக்குதுன்னு நான் கெஞ்சுனேன். மரப்பு வுட்டுப் போவட்டும், அப்பறம் பாப்போம்னு புளியமரத்தடியில ஒக்கார வெச்சிட்டாங்க. பொழுது சாயற நேரத்துல அண்ணனுக்கு ஒதடு வந்துச்சி. எழுந்து போயி போலீசுகாரரு மூஞ்சிக்கு நேரா ஒரு விசிலு அடிச்சாரு. வுட்டுட்டாங்க.

மறுபடி ஒருவாட்டி போயி தொப்பிய மாட்டிகினு வந்தாரு. கருப்புக் காயிதத்த கடிக்கச் சொல்லி, எங்க தட்டுதோ அங்க ராவி, பசை வெச்சி அமுக்கி, இன்னிக்கி அந்தப் பக்கம் மெல்லாதன்னு சொல்லி அனுப்புனாராம். லைன் வூடே வந்து பாத்துச்சி. அண்ணன் ஒதட்டத் தூக்கிக் காட்டுவாரு, அண்ணி பக்கத்துல நின்னுகினு காதக் காட்டுவாங்க. பொருந்துதான்னு பாக்கறாப்ல. மறுநாளே வேலைக்கி வந்து ஒயர உரிச்சாரு. முன்ன விட நல்லா உரிஞ்சிது.

அதுவரிக்கும் எல்லாம் செம்புக் கம்பி. அப்பறம் செம்பு கெடைக்கலன்னு வெள்ளக் கம்பி, அலுமினியக் கம்பி, சுருளு சுருளா வந்து எறங்குச்சி. புது பிளாக்கு ஒன்னுல அண்ணன் மொத சுருள எடுத்து, தங்கப் பல்லுல வெச்சி கடிச்சாரு பாரு, ஏணியிலேருந்து என் தலமேல வுழுந்தாரு.

எழுந்து ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. "கரண்ட்டு."

அந்த பிளாக்குக்கு கரண்ட்டே வரல தம்பி. கம்பமே நடல. சுருளு தரையில கெடக்குது, ரெண்டு முனையும் கண்ணுக்குத் தெரியுது. ஓவர்சீயரு வந்தாரு. டெஸ்டரு வெச்சிப் பாத்தாரு, எரியல. எங்கய்யா கரண்ட்டுன்னாரு. அண்ணன் திரும்பக் கடிச்சாரு, திரும்பத் துள்ளுனாரு, கண்ணுல தண்ணி. நடிப்பு இல்ல. ஓவர்சீயரு கடிச்சாரு, ஒன்னும் இல்ல. நான் கடிச்சேன், ஒன்னும் இல்ல. அண்ணன் கடிச்சா மட்டும் சுரீர்ங்குது. வாயி ஏமாத்தாதுன்னவரு ஆச்சே. ஏணியில இருந்தவன் எல்லாம் எறங்கிட்டான். அனல்மின் நெலயம் பக்கத்துல இருக்கறதால பூமியில கரண்ட்டு ஊறிப் போயி கம்பியில ஏறுதுன்னு அவரே ஒரு காரணமும் சொன்னாரு. கெணத்துத் தண்ணி மாதிரி ஊறுதாம்.

சேதி இட்லிக்கடைக்குப் போச்சி. அந்த பிளாக்குல வூடு கெடச்சவங்க குடி வர மாட்டேன்னுட்டாங்க. வந்த ஒரு குடும்பமும் செவுத்துல சாயாம நடு வூட்டுல குந்திகினு இருந்துச்சாம். அதோட வுட்டுச்சா. அண்ணன் ராத்திரி சோறு துன்ன ஒக்காந்து அலுமினியக் கரண்டிய வாயில வெச்சாரு, சுரீர். டம்ளரு, சுரீர். தூக்குச் சட்டி மூடி, சுரீர். எங்க வூட்டுச் சட்டிய வாங்கிக் கடிச்சாரு, அதுலயும் இருக்குன்னாரு. லைன்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் சட்டி பானையத் தூக்கிகினு வந்து அவரு வாசல்ல வரிச. ஒவ்வொன்னா கடிச்சி, துள்ளி, தள்ளி வெக்கிறாரு. பித்தளைய கடிச்சி, இதுல கம்மியா இருக்குது, பொழங்கலாம்னாரு. ஒரு வாரத்துக்கு ஊரே மண்சட்டியில சமைச்சிச்சி. கொசவன் வடலூருலேருந்து வண்டி கட்டிகினு வந்தான்.

எத்தினி நாளைக்கு இப்படி ஓடும். எல்லாரும் கடிச்சிப் பாத்தாச்சி, யாருக்கும் ஒன்னும் வரல. அப்ப இட்லிக்கடை அம்மா மாத்திப் பேச ஆரம்பிச்சிச்சி. கம்பியில ஒன்னும் இல்லடி, பொண்டாட்டி காதுல இருந்தத புடுங்கி வாயில வெச்சிகினான் இல்ல, அவ மனசில்லாம குடுத்தது, அதான் கடிக்குதுன்னு. இது நல்லாப் புடிச்சிக்கிச்சி. மண்சட்டிக்கி காசு குடுத்தவங்க எல்லாம் இதத்தான் சொன்னாங்க. அண்ணி தண்ணிக்குப் போனா கொழாயடி கம்முனு ஆயிடும். ஒருத்தி கேட்டேபுட்டா, "ஏன்க்கா, வயித்தெரிச்சலோட குடுத்தியா"ன்னு. அண்ணி கொடத்த அங்கியே வெச்சிட்டு வந்துட்டாங்க. அன்னிக்கி எங்க வூட்டுக் கொடத்துலதான் அவங்களுக்கும் தண்ணி.

அண்ணனுக்கு அதுலேருந்து புடிவாதம் சாஸ்தியாச்சி. கம்பியிலதான் கரண்ட்டு, கம்பியிலதான் கரண்ட்டுன்னு போறவன் வரவன்கிட்ட எல்லாம் சொல்லுவாரு. நான்கூட மண்ட கொழம்பிப் போச்சின்னுதான் நெனச்சேன்.

அப்ப பர்மனெண்ட்டுக்கு ஆளு எடுக்கறாங்கன்னு வந்துச்சி. தம்பி, பர்மனெண்ட்டுன்னா அந்தக் காலத்துல என்னான்னு உனக்குத் தெரியாது. குவாட்ரஸ் வூடு, வூட்டுக்குள்ள கொழா, ஆஸ்பத்திரி, சாவற வரிக்கும் நிம்மதி. ஓவர்சீயரு நல்ல மனுசன். சாயங்காலமா லைன் வூட்டுக்கே வந்து சொன்னாரு. என்ஜினீரு உன்னப் பத்தி கேள்விப்பட்டிருக்காரு, கம்பியில கரண்ட்டு இருக்காம்பாரு, இல்லைங்கன்னு ஒரு வார்த்த சொல்லு, வேல உனக்கு, இருக்குன்னா பைத்தியம்னு எழுதி அனுப்பிடுவாரு. சொல்லிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு.

அண்ணி, "இல்லன்னு சொல்லிட்டு வாங்க, ஒரு வார்த்ததான"ன்னாங்க.

அண்ணன் தலையக் குனிஞ்சிகினே, "கம்பியில இல்லன்னு நானே சொன்னா, அப்ப எது கடிக்குதுன்னு கேப்பாங்க இல்ல"ன்னாரு.

அப்பதான் எனக்கு வெளங்கிச்சி. இந்தாளு கம்பிக்காகப் புடிவாதம் புடிக்கல. அண்ணிக்கும் வெளங்கிச்சி. அப்பறம் எடது காதுல இருந்த கம்மலையும் கழட்டி நீட்டுனாங்க. "இந்தாங்க. இதுவும் நான் குடுக்கறதுதான். கடிச்சிப் பாருங்க, கடிக்குதான்னு."

தங்கப் பல்லுல வெச்சி கடிச்சாரு. ஒன்னும் இல்ல. நல்லா அரச்சிப் பாத்தாரு. இல்ல. கரண்டிய எடுத்து மத்தப் பக்கத்துப் பல்லுல கடிச்சாரு. இல்ல. தங்கப் பல்லுல கடிச்சாரு, சுரீர். அண்ணி முந்தானியில பல்ல ஈரம் போவத் தொடச்சி வுட்டாங்க. வாயத் தொறந்தபடியே கரண்டிய வெச்சாரு. ஒன்னும் இல்ல. எச்சி ஊறட்டும்னு காத்துகினு இருந்துட்டு வெச்சாரு, தூக்கிப் போட்டுச்சி. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா ஒக்காந்து, வௌக்கு வெக்கிற வரிக்கும் இதேதான். தொடைக்கறதும் கடிக்கறதும். பல்லு வலியில கண்ணு செவந்து போச்சி மனுசனுக்கு, ஆனா மூஞ்சியில சிரிப்பு. "கம்பியிலயும் இல்ல, தங்கத்துலயும் இல்ல. மிச்சம் நான்தான்டி"ன்னாரு.

என்ஜினீரு ஷெட்டுல மேச போட்டு ஒக்காந்திருந்தாரு. வெளிய வரிச. அண்ணனுக்கு அடுத்தது நான். பொம்பளைங்களும் வேப்பமரத்தாண்ட கூடியிருந்தாங்க, இட்லிக்கடை அம்மா கடைய மூடிட்டு வந்திருந்துச்சி. அண்ணியும் ஒரு ஓரமா. மேசமேல அலுமினியக் கம்பித் துண்டு. இதுல கரண்ட்டு இருக்காய்யான்னாரு என்ஜினீரு. இல்லைங்கன்னாரு அண்ணன். ஓவர்சீயரு பெருமூச்சு வுட்டாரு. சரி போன்னு என்ஜினீரு பேப்பர்ல எழுதப் போனாரு. முடிஞ்சிது. அண்ணன் வெளிய வந்து வாசப்படி எறங்கிட்டாரு.

மரத்தாண்டேருந்து ஒரு கொரலு, "கம்பியில இல்லியாமே. நான் அப்பவே சொன்னேன் இல்ல"ன்னு.

அண்ணன் நின்னாரு. அண்ணிய ஒருவாட்டி பாத்தாரு. நான் அவரு சட்டையப் புடிச்சேன், போதும் வாண்ணேன்னு. ஒதறிட்டு திரும்ப உள்ள போயிட்டாரு.

"ஐயா, தங்கத்துலயும் இல்லைங்க"ன்னாரு. மரம் வரிக்கும் கேக்கறாப்ல.

என்ஜினீருக்கு ஒன்னும் புரியல. எந்தத் தங்கம்னாரு.

"எம் பொண்டாட்டி தங்கங்க. அது சுத்தம். கரண்ட்டு என் எச்சில்ல இருக்குதுங்க."

ஓவர்சீயரு கண்ண மூடிகினாரு. என்ஜினீரு பேனாவ கீழ வெச்சிட்டு, இவர ஏற எறங்கப் பாத்தாரு. சிரிக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்ல. ரொம்ப யோசன பண்ணி சொன்னாரு, "எச்சில்ல கரண்ட்டு உள்ளவன நான் எப்படிய்யா கரண்ட்டு வேலைக்கு எடுக்கறது?" அப்பறம் ஓவர்சீயரு பக்கம் திரும்பி, "தண்ணி எறைக்கிற பக்கம் போடுங்க"ன்னாரு.

அப்படித்தான் ஒயர்மேனா போனவரு பம்ப்பு ஹெல்ப்பரா வெளிய வந்தாரு. பர்மனெண்ட்டுதான், ஆனா கீழ் கிரேடு, சம்பளம் கம்மி. அவரு கையில, சரி, அவரு வாயில இருந்த தொழிலு போச்சி. குழியில ஊறுற தண்ணிய ராவும் பகலும் எறைச்சிகினே இருக்கணும் இல்ல, அங்க போயி நின்னாரு. ஷிப்ட்டு மாறுறப்ப எல்லாம் ஒரு கையி தண்ணி அள்ளிக் குடிச்சிப் பாத்து, இன்னிக்கி சாஸ்தியா ஊறும்னு சொல்லுவாராம். கேட்டவன் எவன். தண்ணி தெனமும்தான் சாஸ்தி.

இட்லிக்கடை அம்மா அன்னிக்கி சாயங்காலமே பேச்ச மாத்திடுச்சி. எச்சி கரண்ட்டுக்காரருன்னு பேரு வெச்சிடுச்சி. பசங்க பல்ப்ப எடுத்துகினு வந்து நக்குங்க, எரியுதா பாப்பம்னு நிப்பானுவ. இவரும் சளைக்காம நக்குவாரு. எரியலன்னா, "இன்னிக்கி ரெஸ்ட்டுடா"ம்பாரு. கொழாயடியில அண்ணி கொடம் வெச்சா இப்ப எடம் வுட்டாங்க. கம்மலுக்கு சோடி கடசி வரிக்கும் வாங்கிக்கல அந்தம்மா. குவாட்ரஸ் வூட்டுக்குப் போனப்பவும் ஒரு காதுல கம்மலு, ஒரு காதுல ஈர்க்குச்சி.

ரெண்டு பேரும் இப்ப இல்ல. போன மழக்காலத்துல எனக்கும் ஒரு பல்லு ஆடிப்போயி, கேப்பு போட்டுவுட்டாங்க, எவர்சில்வராட்டம் வெள்ளையா ஒன்னு. கால்ல மிதிக்கிறதெல்லாம் இல்ல, கொசுவாட்டம் ஒரு சத்தம், அவ்ளோதான். ஒரு நாளு மாத்திர அட்டையில இருக்கற அலுமினியத் தாள கையால பிரிக்க முடியலன்னு பல்லுல கிழிச்சேன். சுரீர்ன்னுச்சி தம்பி. கட்டில்லயே எழுந்து நின்னுட்டேன். கேப்பு போட்டது ஒரு சின்ன வயசு லேடி டாக்டரு, அதுங்கிட்ட போயி கேட்டேன். அது சிரிச்சிட்டு, ரெண்டு வேற வேற ஜாதி உலோகம் எச்சியில ஒன்னுக்கொன்னு பட்டா அப்படித்தான் தாத்தா, பேட்டரி மாதிரி, பயப்படாதீங்கன்னுச்சி. நான் அங்கியே அழுதுட்டேன். வலிக்குதான்னு கேட்டுச்சி. இல்லம்மான்னேன்.

நீ நாலு எடத்துக்குப் போற ஆளு. அந்த லைன்ல இருந்த சனம் இப்ப சேத்தியாத்தோப்பு, வடலூருன்னு செதறிக் கெடக்குது. கெழவிங்க எதுனா உசுரோட இருந்தா, இன்னமும் அவ மனசில்லாம குடுத்தான்னு பேசிகினு இருக்கும். பாத்தியின்னா சொல்லிடு. அந்தப் பொம்பள மனசாரத்தான் குடுத்தாங்கன்னு சொல்லு.